ஏலக்காய் விலையும் நமது சங்கத்தின் கடமையும்

கம்பம் பள்ளத்தாக்கில் வசிக்கும் நம்மில் ஏலத்தோட்டம் உடையவர் சிலரே. ஆயினும் ஏலக்காயால் பிழையாதவர் மிகச் சிலர். விடியுமுன்னரே போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகளில் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் செல்வதை நாள்தோறும் காண்கிறோம். மாலையில் அவர்கள் கொண்டுவரும் கூலியில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்கள், மூட்டை தூக்குவோர், வண்டி ஓட்டுவோர், உரமும் மருந்தும் விற்கும் கடைக்காரர், நகையின்பேரில் கடன் கொடுப்போர் ஆகிய அனைவரும் அப்பயிரின் விலையைப் பார்த்தே தத்தம் வரவு செலவை அமைத்துக்கொள்ளுகின்றனர்.

ஆகவே, ஏலக்காய் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, அவ்வேற்றத்தாழ்வில் சிக்கி நம் அங்கத்தினர்கள் கடனாளிகளாகாதபடி சங்கம் செய்யத்தக்கது யாது என்னும் மூன்று விஷயங்களையும் இப்பாடத்தில் ஆராய்வோம். சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு, பிறகு யாவரும் கலந்து ஆலோசித்தல் நலம்.

1. விலை பிறக்கும் இடம்

ஏலக்காயையும் ஏலம் என்கிறோம். விலை கேட்டு விற்பதையும் ஏலம் என்கிறோம். போடிநாயக்கனூரில் இவ்விரண்டும் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன. முன்னாளில் வாய்மொழியாக நடந்துவந்த இவ்விற்பனை, 2007-ஆம் ஆண்டு முதல் மசாலாப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு ஏலமாக நடைபெறுகிறது. போடிநாயக்கனூரிலும், மலைமேல் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் இதற்கென மையங்கள் உண்டு. தோட்டக்காரர் தம் சரக்கை உரிமம் பெற்ற ஏலதாரர் ஒருவரிடம் ஒப்படைக்கிறார். வியாபாரிகள் மாதிரியைக் கையில் வாங்கி, நிறத்தையும் பருமனையும் பார்த்து, கணிப்பொறி வாயிலாக விலை கேட்கின்றனர்.

அக்கூடத்தில் அமர்ந்திருக்கும் வியாபாரியே விலையை நிர்ணயிக்கிறார் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே. வியாபாரி தாம் எவ்விலைக்கு மறுபடியும் விற்க முடியும் என்று கணக்கிட்டே விலை கேட்கிறார். அவர் விற்குமிடம் டில்லியாகவோ கான்பூராகவோ இருக்கலாம். சௌதி அரேபியாவாகவும் இருக்கலாம். எனவே விலையின் வேரைத் தேடிச் செல்வோமாயின், அது நம் மலையைக் கடந்து, கடலையும் கடந்து செல்வதைக் காண்போம்.

2. தூரதேசத்தில் ஒரு போட்டிக்காரர்

சிற்றேலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பூர்வீகப் பயிர். நெடுங்காலம் உலகத்திற்கு வேண்டிய ஏலக்காயில் பெரும்பகுதியை நம் நாடே அளித்துவந்தது. 19-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் சர்க்கார் இதனைத் தம் ஏகபோகமாக வைத்திருந்தனர் என்பதிலிருந்தே அதன் மதிப்பை அறியலாம்.

முதல் உலக யுத்தத்தை ஒட்டிய ஆண்டுகளில், மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில் கோபான் என்னும் ஊரைச் சார்ந்த மலைப்பகுதியில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் ஏலச்செடியை நட்டார். நம் மலையைப் போன்றே அங்கும் நிழலும் மழையும் குளிர்ச்சியும் பொருந்தியிருந்தன. பயிர் பெருகிற்று. அந்நாட்டார் ஏலக்காயை உண்பது மிகவும் சொற்பம். விளைவதில் ஏறக்குறைய முழுவதும் ஏற்றுமதியே. ஆகையால் கிடைத்த விலைக்கு விற்றுத்தீர வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு உண்டு.

1982-83-ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில் நம் மலைத்தோட்டங்கள் கருகின. நம்மிடம் சரக்கு இல்லாத அக்காலத்தில் அரபு நாட்டு வியாபாரிகள் குவாத்தமாலாச் சரக்கை வாங்கிப் பழகினர். 1985-86-இல் நம் ஏற்றுமதி மறுபடியும் 3,000 டன்னைத் தாண்டியது. ஆனால் அப்பத்தாண்டின் முடிவிற்குள் சில நூறு டன்னாகக் குன்றிவிட்டது. உலக ஏற்றுமதியில் முதலிடம் குவாத்தமாலாவிற்குப் போயிற்று. ஒருமுறை கைவிட்டுப்போன வாடிக்கையைத் திரும்பப் பெறுதல் எவ்வளவு கடினம் என்பதற்கு இது தக்க சான்று.

நல்வினையாக நமக்கு வேறொரு பலம் உண்டு. நம் நாட்டார் தேநீரிலும் பாயசத்திலும் இனிப்பிலும் பலகாரத்திலும் ஏலக்காயை விரும்பிச் சேர்க்கின்றனர். விளைவதில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே செலவாகிறது. இவ்வுள்நாட்டுக் கிராக்கியே ஏற்றுமதி குன்றிய காலத்தில் நம் மலையைத் தாங்கிற்று.

3. விலையை அசைக்கும் காரணங்கள்

இனி, விலையை ஏற்றவும் இறக்கவும் செய்யும் காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, மழை. கோடை மழை பொய்த்தால் சரம் காய்கிறது. மிகுந்து பெய்தால் அழுகல் நோய் பரவுகிறது. 2018-ஆம் ஆண்டின் பெருமழையும் வெள்ளமும் இடுக்கி மலைத்தோட்டங்களைச் சிதைத்தன. அடுத்த ஆண்டில் வரத்துக் குறைந்து விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உயர்ந்த சரக்கொன்று கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று. 2024-இல் கோடை வறட்சி மறுபடியும் செடிகளை வாட்டியபோதும் விலை உயர்ந்தது.

இரண்டாவது, செடியின் வயது. ஏலச்செடி நட்ட இரண்டு மூன்று ஆண்டுகளில் பலன் தரத் தொடங்குகிறது. விலை உயர்ந்த ஆண்டில் யாவரும் நடுகின்றனர். அவை காய்க்கும்போது எல்லோருடைய சரக்கும் ஒரே சமயத்தில் வந்து குவிகிறது. 2019-இல் அவ்வளவு உயர்ந்திருந்த விலை, 2022-இல் சராசரி கிலோவிற்கு 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியதை நாம் மறக்கலாகாது.

மூன்றாவது, அரபு நாட்டுக் கிராக்கி. அங்கே விருந்தினர்க்கு அளிக்கும் காப்பியில் ஏலக்காய் இன்றியமையாதது. ரமலான் நோன்பிற்கு முன்னர் கொள்முதல் பெருகும். அந்நாடுகளின் வருமானம் எண்ணெய் விலையைச் சார்ந்தது. யுத்தமோ கப்பல் தடையோ நேரின் வாங்குவோர் தயங்குவர்.

நான்காவது, நாணய மாற்று. ஏற்றுமதிக்காரர் டாலரில் விற்று, நமக்கு ரூபாயில் கொடுக்கிறார். ரூபாயின் மதிப்பு உயர்ந்தால், அதே டாலர் விலைக்கு நம் கையில் சேருவது குறையும்.

ஐந்தாவது, சரக்கின் தூய்மை. பூச்சிமருந்தின் எச்சம் வரம்பிற்கு மேற்பட்டிருந்தால் வாங்கும் நாட்டார் சரக்கை ஏற்பதில்லை. சாயம் சேர்த்துப் பச்சையாக்கிய காயும் அப்படியே. ஒருவர் செய்யும் பிழை மலை முழுவதற்கும் கெட்ட பெயரைத் தேடித் தருகிறது.

இவ்வைந்தில் முதல் நான்கும் நம் கைக்கு எட்டாதவை. ஐந்தாவது ஒன்றே முற்றிலும் நம் வசமுள்ளது.

4. ஒரு தீவின் பாடம்

ஒரே பயிரை நம்பி வாழ்வோரின் நிலையை அறிய, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய கிரனடாவைப் பார்ப்போம். அதன் பரப்பு 344 சதுர கிலோமீட்டர். நம் தேனி ஜில்லாவில் எட்டில் ஒரு பங்குகூட இராது. அத்தீவின் செல்வம் ஜாதிக்காய். அவர்கள் தம் தேசியக் கொடியிலும் ஜாதிக்காயின் வடிவத்தைப் பொறித்துள்ளனர். உலகில் ஜாதிக்காய் விளைவிப்பதில் இந்தோனேசியாவிற்கு அடுத்த நிலையில் அச்சிறு தீவு நெடுங்காலம் நின்றது.

அங்குள்ள குடியானவர்கள் 1947-இல் ஜாதிக்காய்க் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். காயைச் சங்கத்தின் நிலையத்தில் ஒப்படைத்தவுடன் ஒரு முன்பணம். ஆண்டு முடிவில் சங்கம் விற்றுவந்த லாபத்தில் மிகுதிப் பணம். இவ்வேற்பாட்டால் சிறு குடியானவனும் தரகரின் கையில் சிக்காமல் பிழைத்தான்.

எனினும் சங்கத்தின் வலிமைக்கும் எல்லை உண்டு. 1980-களின் பிற்பகுதியில் கிரனடாவும் இந்தோனேசியாவும் விலையைத் தாங்கிப் பிடிக்க ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அது நிலைக்கவில்லை. 1990-ஐ ஒட்டி ஜாதிக்காய் விலை சரிந்தது. பின்னர் 2004 செப்டம்பரில் ஐவன் என்னும் சூறாவளி அத்தீவைத் தாக்கி, ஜாதிமரங்களுள் மிகப் பெரும்பாலானவற்றை வேரோடு சாய்த்தது. ஜாதிமரம் நட்டுப் பலன் காண ஆறேழு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். வாங்குவோர் அதுவரை காத்திருப்பார்களா? வேறிடம் நாடினர்.

இதிலிருந்து நாம் அறியத்தக்கவை இரண்டு. சங்கம் நல்ல தரகனாகவும் நல்ல சேமிப்புப் பெட்டியாகவும் இருக்க முடியும். உலக விலையை ஆள அதனால் முடியாது. மேலும், ஒரே பயிரில் எல்லா முதலையும் போட்டவனுக்கு ஒரே நாளில் எல்லாம் போய்விடவும் கூடும். நமக்குக் கடல் சூழ்ந்திராவிட்டாலும், மலைப் பயிர் ஒன்றையே நம்பும் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு தீவுதான்.

5. ஒரு கணக்கு

விலை இறங்கியதால் கெட்டவர்களைவிட, விலை ஏறியதால் கெட்டவர்களே நம் பள்ளத்தாக்கில் அதிகம். இக்கூற்று விந்தையாகத் தோன்றலாம். பின்வரும் கணக்கைப் பார்த்தால் விளங்கும். இதிலுள்ள தொகைகள் விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டவை. அங்கத்தினர்கள் தத்தம் தொகையை இட்டுப் பார்க்கலாம்.

அங்கத்தினர் ஒருவருக்கு மலைமேல் சொந்தத்தில் 2 ஏக்கர் ஏலத்தோட்டம் உண்டு. ஆண்டிற்கு 300 கிலோ உலர்ந்த காய் கிடைக்கிறது. கூலி, உரம், மருந்து, உலர்த்தும் செலவு எல்லாம் சேர்ந்து கிலோவிற்கு 800 ரூபாய் ஆகிறது. ஓர் ஆண்டு விலை 3,000 ரூபாய் விற்றது. வரவு 9,00,000, செலவு 2,40,000, மிச்சம் 6,60,000 ரூபாய்.

அவர் மகிழ்ந்து, இதே விலை நீடிக்கும் என்று நம்பி, பக்கத்திலுள்ள 2 ஏக்கரை ஆண்டிற்கு 4,00,000 ரூபாய் குத்தகைக்கு எடுத்தார். அடுத்த இரண்டு ஆண்டும் விலை 900 ரூபாய். நாலு ஏக்கரில் 600 கிலோ. வரவு 5,40,000, சாகுபடிச் செலவு 4,80,000, குத்தகை 4,00,000. ஆண்டிற்கு 3,40,000 ரூபாய் நஷ்டம். இரண்டு ஆண்டில் 6,80,000. முந்திய ஆண்டு கண்ட மிச்சம் முழுவதும் கரைந்து, மேலும் 20,000 ரூபாய் கடன் நின்றது. குத்தகை எடாமல் தம் 2 ஏக்கரோடு இருந்திருந்தால், அவ்விரண்டு ஆண்டிலும் ஆண்டிற்கு 30,000 ரூபாயாவது மிஞ்சியிருக்கும். பழைய மிச்சமும் கையில் இருந்திருக்கும்.

இப்பொழுது அவர் வேறுவிதமாகக் கணக்கிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கழிந்த ஐந்து ஆண்டு விலை முறையே 1,200, 900, 900, 2,000, 3,000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 8,000, ஐந்தால் வகுத்தால் சராசரி 1,600 ரூபாய். இவ்விலைக்கு நாலு ஏக்கரின் வரவு 9,60,000; செலவும் குத்தகையும் 8,80,000; மிச்சம் 80,000. குத்தகை இல்லாமல் தம் 2 ஏக்கரில் மட்டும் அதே விலைக்கு மிச்சம் 2,40,000. ஆக, அக்குத்தகை நடுத்தரமான ஆண்டிலேயே அவருக்கு 1,60,000 ரூபாய் குறைவை உண்டாக்குவது. கையெழுத்திடுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் இக்கணக்கைப் போட்டிருந்தால் அவர் அக்குத்தகையை ஏற்றிருக்கமாட்டார்.

6. சங்கம் செய்யத்தக்கவை

(அ) சராசரி விலையின்பேரில் கடன் கொடுத்தல். விலை உச்சத்தில் இருக்கும்போது கடன் கேட்போர் பெருகுவர்; திருப்பிக் கொடுக்கும் சக்தியும் மிகுந்ததாகத் தோன்றும். அப்பொழுதுதான் நிர்வாகசபையார் மிக ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும். இவ்வாரத்து ஏல விலையைக் கொண்டு கடனை அளவிடாமல், கழிந்த ஐந்து ஆண்டின் சராசரியைக் கொண்டு அளவிடுவதே தகுதி. இதனால் சிலருக்கு மனக்குறை உண்டாகலாம். விலை இறங்கிய நாளில் அவர்களே சங்கத்திற்கு நன்றி கூறுவர்.

(ஆ) நல்ல ஆண்டில் சேமித்தல். உச்ச விலை கிடைத்த ஆண்டில், சராசரிக்கு மேற்பட்டு வந்த பணத்தில் ஒரு பங்கையேனும் சங்கத்தில் வைப்பாக இட அங்கத்தினர்களைத் தூண்ட வேண்டும். கிரனடாச் சங்கம் ஆண்டு முடிவில் மிகுதிப் பணம் கொடுத்தது போல, நம் வீட்டிற்கு நாமே பஞ்ச ஆண்டில் மிகுதிப் பணம் கொடுத்துக்கொள்வதாகும் இது.

(இ) பகுதி பகுதியாக விற்றல். ஏலக்காய் ஒரே நாளில் அறுவடையாவதன்று. பருவத்தில் பலமுறை பறிக்கிறோம். ஒவ்வொரு பறிப்பிலும் ஒரு பகுதியை விற்று ஒரு பகுதியை வைத்திருப்பவனுக்கு உச்ச விலை முழுவதும் கிடையாது. அடிமட்ட விலையில் முழுவதும் போவதும் இல்லை. மேலும் ஏறும் என்று எல்லாவற்றையும் கட்டிவைத்து, வட்டியைக் கட்டிக்கொண்டிருத்தல் சூதாட்டத்திற்கு ஒப்பாகும்.

(ஈ) பக்குவமும் தரமும். காய் முற்றி, பழுக்குமுன் உள்ள கரிக்காய்ப் பக்குவத்தில் பறிக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் எடையும் போம், நிறமும் போம். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோ உலர்காயாகிறது. உலர்த்தும் கூடத்தில் சூட்டை 45 முதல் 50 டிகிரிக்குள் வைத்தால் பச்சை நிறம் நிற்கும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் காய் வெடித்து நிறம் மங்கும். ஈரம் நூற்றுக்குப் பத்து அளவிற்கு இறங்கிய பின், உட்புறம் கறுப்புப் பாலிதீன் உறையிட்ட சாக்கில் கட்டி வைக்க வேண்டும். 7 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காயையும் சிறுகாயையும் கலந்து விற்பவன், பருங்காயைச் சிறுகாயின் விலைக்கே விற்றவனாகிறான். தனித்தனியே சல்லடை வாங்க இயலாத சிறு தோட்டக்காரர் பலர் கூடிச் சங்கத்தின் பொறுப்பில் ஒரு சல்லடையும் ஒரு தராசும் வைத்துக்கொள்ளலாம்.

(உ) மருந்தில் நிதானம். எந்தப் பூச்சி, எவ்வளவு மருந்து, தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருதல் நலம். ஐயம் நேரின் மைலாடும்பாறையிலுள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தாரின் ஆலோசனையைக் கேட்கலாம். கடைக்காரர் சொன்னதே மருந்து, பக்கத்துத் தோட்டக்காரர் அடித்ததே அளவு என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

(ஊ) இரண்டாம் வருவாய். நிழல் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியவனுக்கு ஏலம் இறங்கிய ஆண்டில் மிளகு கைகொடுக்கக்கூடும். பள்ளத்தாக்கில் நெல்லோ வாழையோ திராட்சையோ உள்ளவர், மலைத்தோட்டத்தின் கடனுக்குக் கீழ்நிலத்தை ஈடு வைத்தலைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். முல்லைப் பெரியாற்றின் நீர் பாயும் நிலம் நம் குடும்பத்தின் சோறு. அதனை மலை விலையின் ஏற்ற இறக்கத்திற்குப் பணயமாக்கலாகாது.

(எ) கூலியாளையும் நினைத்தல். விலை இறங்கினால் தோட்டத்தில் முதலில் குறைக்கப்படுவது களையெடுப்பும் கவாத்தும். அதனால் முதலில் வேலை இழப்பவர் ஜீப்பில் மலையேறும் பெண்கள். அவர்களும் நம் கிராமத்தார். அவர்களுட் பலர் நம் அங்கத்தினர். வேலை மிகுந்த மாதங்களில் வாரம் ஒரு சிறு தொகையைச் சேர்த்துவைக்க அவர்களுக்குச் சங்கம் வசதி செய்து கொடுத்தால், வேலையில்லாத மாதத்தில் தாலிக்கொடியை அடகு வைக்கும் அவலம் நேராது.

7. முடிவுரை

குவாத்தமாலாவில் பெய்யும் மழையை நாம் தடுக்கவோ வருவிக்கவோ முடியாது. சௌதி அரேபியாவின் கொள்முதலையும் டாலரின் மதிப்பையும் நம் சங்கத் தீர்மானம் மாற்றாது. ஆனால் எவ்வளவு கடன் வாங்குவது, எந்த விலையை நம்பிக் குத்தகை பேசுவது, எப்படிப்பட்ட காயைச் சந்தைக்கு அனுப்புவது, நல்ல ஆண்டின் பணத்தை என்ன செய்வது ஆகிய நான்கும் நம்மால் ஆகக்கூடியவை. உச்ச விலையைக் கண்டு மயங்காதவனை அடிமட்ட விலை வீழ்த்துவதில்லை. இதனை ஒவ்வோர் அங்கத்தினரும் மனத்திற் கொள்வாராக.

கூட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. நமது சங்கத்தில் ஏலத்தோட்டத்திற்காகக் கொடுத்த கடன்களுள், விலை உயர்ந்த ஆண்டில் கொடுத்தவை எத்தனை? அவற்றுள் தவணை தவறியவை எத்தனை?

2. கழிந்த ஐந்து ஆண்டுகளில் நம் அங்கத்தினர் பெற்ற விலையின் சராசரி என்ன? அச்சராசரிக்கு, இன்று பேசப்படும் குத்தகை கட்டுமா?

3. சென்ற பருவத்தில் தரம் பிரித்து விற்றவருக்கும் கலந்து விற்றவருக்கும் கிலோவிற்கு எவ்வளவு வித்தியாசம் கிடைத்தது?

4. மருந்து தெளித்த தேதியையும் பறித்த தேதியையும் குறித்து வைப்பவர் நம்மில் எத்தனை பேர்?

5. தோட்டக் கூலியாட்களுக்கென ஒரு சிறுசேமிப்பு ஏற்பாட்டை இப்பருவத்திலேயே தொடங்க முடியுமா? அதற்குப் பொறுப்பேற்பவர் யார்?